அலையில்லாத இடம்

கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றுவார்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் மட்டும் மஞ்சள் பையிலிருந்து ஒரு தேங்காய் மட்டையை எடுப்பார். கைப்பிடி அளவு மட்டை. அதில் சிவப்புத் துணி ஒன்று முடிந்திருக்கும். யாரும் தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்னால் அதைத் தூக்கிக் கடலில் எறிவார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அது எங்கே போகிறது என்று பார்த்தபடி நிற்பார். ஐந்து நிமிடம் நிற்பார், சில நாள் கால் மணி நேரம்கூட ஆகும். அதுவரை வேனில் வந்த இருபது பேரும் வேட்டியையும் புடவையையும் தூக்கிச் செருகிக்கொண்டு காத்திருக்க வேண்டும். "இன்னாக்கா, உன் மட்டை குளிச்சி முடிச்சிதா?" என்று யாராவது கிண்டல் செய்வார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

மட்டை அலையோடு கரைக்கே திரும்பி வந்தால் அந்த இடத்தில் இறங்கலாம். நிற்காமல் கடலை நோக்கி உள்ளே போய்க்கொண்டே இருந்தால், "இங்க யாரும் எறங்கக் கூடாது" என்று சொல்லி, கையிலிருக்கும் கயிற்றை மணலில் குறுக்கே போட்டுவிடுவார். அந்தக் கயிற்றைத் தாண்டியவனிடம் அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

நான் சின்ன காஞ்சிபுரத்தில் வேன் ஓட்டுகிறவன். அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லோரும் தறியில் உட்கார்ந்தவர்கள். எனக்கு உட்கார்ந்த இடம் நகர வேண்டும், அவ்வளவுதான். முகூர்த்த மாதங்களில் பட்டுப்புடவை எடுக்க வருகிற கல்யாண வீட்டுக்காரர்களை ஏற்றி இறக்குவேன். ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டுக்கும் எங்கள் தெருக்காரர்களைக் கடலுக்கு அழைத்துப் போவேன். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக இரண்டு மணி நேரம். மாமல்லபுரத்துக் கூட்டம் வேண்டாமென்று அதற்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் நிறுத்துவோம். அப்பா இல்லாதவர்கள் தர்ப்பணம் கொடுப்பார்கள், பிறகு எல்லோரும் முழுக்குப் போடுவார்கள், பிறகு புளியோதரை.

வருஷத்தில் இரண்டே நாள் கடலைப் பார்க்கிற தெரு எங்களுடையது. அந்த இரண்டு நாளும் கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறி இறங்குகிற நாள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அமாவாசையன்று நிலாவும் சூரியனும் ஒரே பக்கம் நின்று தண்ணீரை இழுக்குமாம், அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "நம்ம ஆளுங்க பாத்துப் பாத்து நாள் குறிச்சிருக்காங்கோ" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அவரைப் பற்றி எழுதுவதென்றால் என்னைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. தள்ளிப் போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வருஷம் இருக்கும், ஓர் ஆடி அமாவாசை. காற்று கொஞ்சமும் இல்லை. ஆனாலும் அலை பெரிதாக இருந்தது. கரையில் வந்து விழும் சத்தத்தைக் கேட்டே பெண்கள் பின்வாங்கினார்கள். அக்காவின் புருஷன் என்னைப் பார்த்து, எங்கே இறங்கலாம் என்று கேட்டார். அடிக்கடி கடலுக்கு வருகிறவன் நான்தானே. நானும் பெரிய மனுஷன்போல ஒரு பார்வை பார்த்தேன். இடப்பக்கம் அலை உடைந்து வெள்ளையாக வருகிறது. வலப்பக்கமும் அப்படியே. நடுவில், ஒரு வீட்டு மனை அகலத்துக்கு, அலையே உடையாமல் தண்ணீர் கொஞ்சம் கறுப்பாக, அமைதியாக இருந்தது.

"அங்க எறங்குங்கண்ணா. அலையே இல்ல. நம்ம கொளம் மாதிரி இருக்குது" என்று கையை நீட்டிக் காட்டினேன். காட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

கோயில் குளத்தில் நீச்சல் பழகியவன் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். எங்களுக்கு ஆடாத தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர். பயமெல்லாம் படிக்கட்டுப் பாசிக்குத்தான். கடலில் அது தலைகீழ் என்று எனக்கு அன்று தெரியாது. இரண்டு பக்கமும் அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எப்படியும் திரும்பிப் போயாக வேண்டும். அது மணலை அரித்து நடுவில் ஒரு பள்ளம் பறித்துக்கொண்டு, அதன் வழியாகத் திரும்பிப் போகிறது. பள்ளத்தில் ஆழம் அதிகம், அதனால் அங்கே அலை உடைவதில்லை. அலை உடையாத இடம் பார்க்கச் சாதுவாகத் தெரிகிறது. கடலுக்கு உள்ளே போகிற ஆற்றின் வாயில் அவர்களை இறங்கச் சொல்லிவிட்டுத்தான் நான் டீக்கடையில் சர்க்கரை கம்மி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் புருஷனுக்கு நன்றாக நீந்தத் தெரியும். கிணற்றிலும் குளத்திலும் பழகிய நீச்சல். தண்ணீர் இழுத்தபோது அவர் கரையைப் பார்த்து நேராக நீந்தியிருக்கிறார். நீந்த நீந்தக் கரை தள்ளிப் போயிருக்கிறது. அக்காதான் முதலில் பார்த்தவர். ஒன்பது பேரைக் கைகோத்து நிற்கவைத்து, தான் கரைப்பக்கம் முதல் ஆளாக நின்று, கடைசி ஆளின் கை புருஷன் கைக்கு எட்டுகிற வரை கூட்டத்தை உள்ளே செலுத்தியிருக்கிறார்.

எங்கள் தெருவில் பாவு நீட்டும்போது ஒரு முனையில் நிற்பவர் எப்போதும் அவர்தான். பாவு என்றால் புடவையின் நீளவாட்டு இழைகள். தறியில் ஏற்றும் முன்னால் ஆயிரக்கணக்கான இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிபார்ப்போம். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று ஒரே சீராக இழுக்க வேண்டும். கொஞ்சம் பக்கவாட்டில் போனாலும் இழை அறுந்துவிடும். "கோணாத! நேரா இழு! வுடாத!" என்று அக்காவின் குரல் காலையில் நான்கு வீடு தள்ளிக் கேட்கும். சிறுவயதிலிருந்து அந்தத் தெருவில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் கை அந்தச் சொல்லுக்குப் பழகியிருந்தது. அன்று கடலிலும் அவர் அதையேதான் கத்தினார். ஒன்பது பேரும் கோணவில்லை, விடவில்லை, நேராக இழுத்தார்கள். எனக்கு டீக்கடையில் கேட்டது அந்தக் குரல்தான். நான் ஓடி வந்து சேர்ந்தபோது கடைசி ஆள் வெறும் கையோடு நின்றுகொண்டிருந்தான்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர், இந்த இடத்தில் யார் குளிக்கச் சொன்னது என்று பொதுவாகக் கேட்டார். அழுகிற கூட்டத்தில் அந்தக் கேள்வி யார் காதிலும் விழவில்லை என்று நினைக்கிறேன். என் காதில் விழுந்தது. நான் இடம் காட்டியபோது அக்கா துணிகளை மடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளித்தான் நின்றிருந்தார், நான் கையை நீட்டிச் சொன்னதை அவர் கேட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சந்தேகம் ஒன்றோடுதான் அதற்கப்புறம் நான் வண்டி ஓட்டினேன்.

உடல் மறுநாள் கிடைத்தது. மூழ்கிய இடத்தில் இல்லை, வடக்கே இரண்டு குப்பம் தாண்டி.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். கடலம்மா எடுத்துக்கொண்டாள், அமாவாசையில் போனவர் புண்ணியவான், எல்லாம் விதி. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கண்ணில் தண்ணீர் வற்றியிருந்தது. திடீரென்று, "நேரா கெழக்கதான போனாரு? அப்புறம் எப்படி வடக்க வந்தாரு?" என்று கேட்டார்.  பாவம், புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு காப்பி கொடுத்தார்கள். அவர் மறுபடியும் அதையே கேட்டார். வருகிற ஒவ்வொருவரிடமும் பதினாறு நாளும் கேட்டார்.

பதில் தெரியாமல் அவரால் இருக்க முடியவில்லை. தை அமாவாசைக்கு என் வேனில் முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. குப்பத்தில் இறங்கியதும் நேராகப் போய், வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு மீனவரின் எதிரில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டார். அவர் கையில் வேலை நிற்காமல் பதில் சொன்னார். ஆடியில் கரையோரத் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடும், உள்ளே இழுத்துப் போனதை அது வாங்கிக்கொண்டு வடக்கே கொண்டுபோய்ப் போடும், ஐப்பசிக்கு மேல் திரும்பித் தெற்கே ஓடும் என்றார். அன்றைக்குக் காற்றே இல்லாமல் அலை எப்படி வந்தது என்று அக்கா கேட்டார்.

"அது இங்கத்தி காத்துக்கு வந்த அலை இல்லம்மா. எங்கியோ தெக்க, நாம பாக்காத எடத்துல பெருங்காத்து அடிச்சிருக்கும். அது ஓஞ்சி நாலஞ்சி நாளாயிருக்கும். காத்து ஓஞ்சாலும் அலை நிக்காதே. அது பாட்டுக்கு வந்துக்கினே இருக்கும்."

 திரும்பி வரும் வழியில் அக்கா, "அந்தக் காத்துக்கு எங்களத் தெரியவே தெரியாது, இல்ல?" என்று கேட்டார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவன் நான். 

அவர் மட்டை எறிய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: வந்தது எந்த வழியாகத் திரும்பிப் போகிறது? மழை பெய்தால் தெரு முனைக்குப் போய் நின்று சாக்கடையைப் பார்ப்பார். பாவு கட்டும் கயிறு கம்பத்தில் கட்டிக் கிடந்தால் ஒரு முனையைப் பிடித்து உதறுவார். ஒரு மேடு எழும்பிக் கயிறு நெடுக ஓடிக் கம்பத்தில் போய் முட்டும். "பாரு, ஓடுது. கயிறு ஓடுதா? கயிறு இங்கியேதான் இருக்குது. அலையும் இப்படித்தான் வருது. தண்ணி நின்ன எடத்துலயே எழும்பி எறங்குது, கரைக்கிட்ட வந்து தரை தட்டினாதான் கவுந்து கொட்டுது" என்பார். கேட்பவர்களுக்கு வேலை இருக்கும். ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவர் மறுபடியும் உதறுவார்.

வைகாசி கருட சேவையன்று நானும் என் மனைவியும் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தோம். பெருமாள் நெருங்கி வரும் நேரம். அக்கா எங்கிருந்தோ வந்து எங்கள் இரண்டு பேரையும் முழங்கையைப் பிடித்து இழுத்து ஒரு வீட்டு வாசல்படியில் ஏற்றிவிட்டார். சாமி பார்க்கவிடாமல் இதென்ன தொந்தரவு என்று எனக்குக் கோபம் வந்தது.

"இத்தினி பேர் வராங்களே, எந்த வழியா திரும்புவாங்கோன்னு பாத்தியா? அந்தச் சந்து ஒண்ணுதான். நீ அது வாயில நிக்கிற" என்றார்.

குடை நகர்ந்ததும் கூட்டம் திரும்பியது. நாங்கள் நின்றிருந்த இடத்தில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு சந்துக்குள் புகுந்தார்கள். ஒரு பெண்ணின் கொலுசு போனது, இரண்டு மூன்று பேருக்குச் செருப்பு போனது, வேறொன்றும் ஆகவில்லை. என் மனைவி பெருமாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அக்கா சாமி பக்கம் திரும்பவே இல்லை. அந்தச் சந்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்று அவர்மேல் இரக்கமும் வந்தது, பயமும் வந்தது. எல்லாவற்றையும் வழி பிடித்துப் பின்னோக்கிப் போகிற ஆள் ஒருநாள் என்னிடம் வந்து நிற்பார் என்று தோன்றியது.

போனில் வீடியோ பார்க்கிற காலம் வந்த பிறகு அந்தப் பயம் அதிகமானது. அமாவாசைக்கு வேனில் ஏறி உட்கார்ந்ததும், "அந்த அலை வீடியோ போடு தம்பி" என்பார். ஏதோ ஒரு நாட்டுக் கடற்கரையை மேலிருந்து எடுத்த படம். வெள்ளை வெள்ளையாக அலை உடைகிற இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு கறுப்புப் பட்டை. அதில் பச்சைச் சாயம் கலந்துவிடுவார்கள். சாயம் நேராகக் கடலுக்குள் ஓடும். அக்கா விரலை அந்தப் பட்டையின்மேல் வைத்து, "எவ்ளோ அமைதியா இருக்குது பாரு" என்பார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விரல் வைப்பார். நான் சாலையில் கண்ணாக இருப்பதுபோல் இருப்பேன்.

ஒருமுறை திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவராகவே பேசினார். பின்னால் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அவர நாங்க புடிச்சதுதான் தப்பு தம்பி. புடிக்காத வரிக்கும் மெதந்துக்கினுதான் இருந்தாரு. நாங்க கையப் புடிச்சி நிறுத்தினதும் தண்ணி அவர் மேல ஏறிப் போச்சு. ஓடுற தண்ணியில ஒருத்தர நிறுத்தி வெச்சா வேற எங்க போவும் அது? கோணாத, வுடாதன்னு நான்தான் கத்தினேன். வுட்டிருந்தா அலைக்கு அந்தப் பக்கம் போயி இழுப்பு நின்னிருக்கும். பக்கமா நீந்திக் கரைக்கு வந்திருப்பாரு. அந்த இழுப்பு ரொம்ப தூரம் இல்ல."

 அவர் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா நெனக்கிற?" என்று கேட்டார்.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்ததில்லை. வாயைத் திறந்தேன். "எல்லாம் விதிக்கா" என்றுதான் வந்தது. உலகத்திலேயே அவர் மிகவும் வெறுத்த சொல் அது, எனக்கும் அது தெரியும். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 

இதெல்லாம் அவர் தேங்காய் மட்டை எறிந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நடந்தவை. அந்த வருஷங்களில் எங்கள் தெருவிலிருந்து போனவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்காக யாரும் அவரை நினைத்துப் பார்த்ததில்லை. நடக்காத ஒன்றுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

நடந்த ஒன்றை மட்டும் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அது ஒரு தை அமாவாசை. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குப் பட்டு கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளி தன் புது மாப்பிள்ளையையும் அழைத்து வந்திருந்தார். வேன் பேசுவதும் எப்போதும் அவர்தான். அக்கா மட்டை எறிந்து பார்த்து, கயிறு போட்டார். மாப்பிள்ளை பக்கத்து மாவட்டத்துக்காரர், இளவயது, அக்காவின் கதை தெரியாதவர். கயிற்றைத் தாண்டி இரண்டு அடி வைத்துத் திரும்பி, மனைவியைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாவது அடியில் கால் தரையில் இல்லை.

நாங்கள் ஆறு பேர் கைகோத்து இறங்கினோம். நான் மூன்றாவது ஆள். முன்னால் நின்ற முதலாளிக்கு மாப்பிள்ளையின் கை அகப்பட்டது. எல்லோரும் நேராக இழுத்தோம். ஒரு அலை மாப்பிள்ளையின் தலைமேல் ஏறியது. அவர் இருமி முடிப்பதற்குள் அடுத்தது ஏறியது. பின்னால் அக்காவின் குரல் கேட்டது.

"வுடுங்க! கைய வுடுங்க! புடிச்சிக்கினே இருந்தீங்கன்னா செத்துடுவாரு!"

யார் விடுவார்கள்? நானும் விடவில்லை. அக்கா புடவையோடு தண்ணீரில் இறங்கினார். எங்களை எல்லாம் தாண்டி முன்னால் போனார். முதலாளியின் மணிக்கட்டைக் கடித்தார். முதலாளி அலறிக்கொண்டு கையை உதறினார், மாப்பிள்ளை போய்விட்டார்.

கரையில் முதலாளியின் பெண் மணலில் விழுந்து அலறியதை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது. அக்கா கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "நீந்தாதீங்க! மல்லாந்து படுங்க! அப்புறம் கோணலா போங்க, கோணலா!" என்று கத்திக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கக் கோணாதே என்று கத்திய குரல் அது. மாப்பிள்ளையின் தலை சின்னதாகிக்கொண்டே போய் அலைக்கு அந்தப் பக்கம் நின்றது. பிறகு மெதுவாகத் தெற்கே நகர்ந்தது. நாங்கள் கரையோரமாக ஓடினோம். கொஞ்ச தூரத்தில் வெள்ளையாக அலை உடைகிற இடம் வந்தது. அந்த அலைகள் அவரை ஒவ்வொரு தள்ளாகத் தள்ளிக் கரையில் போட்டன. எழுந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தார். உயிரோடுதான் இருந்தார்.

எல்லோரும் மாப்பிள்ளையைச் சூழ்ந்துகொண்டார்கள். முதலாளி தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். பல் பதிந்த இடத்தில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. "நாய் மாதிரி கடிச்சிட்டாப்பா. என் மாப்பிள்ளையக் கொல்லப் பாத்தா" என்றார். திரும்பிப் போகும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் நிறுத்தி அவருக்கு ஊசி போட்டோம். அக்கா ஈரப் புடவையோடு முன் சீட்டில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் ஒரு துண்டு கொடுக்கவில்லை. என்னிடம் துண்டு இருந்தது. பின்னால் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரைப் பாவு நீட்ட யாரும் கூப்பிடவில்லை. புருஷனை விட்டவள், ஊரார் பிள்ளையையும் விடச் சொன்னாள் என்று பேச ஆரம்பித்தார்கள். பேச்சு அங்கே நிற்கவில்லை. ஆறு மாதத்தில் அது வளர்ந்துவிட்டது. முதல் சாவு நடந்த அன்றும் அவள்தானே அந்த இடத்தைக் காட்டினாள், அங்கே இறங்கச் சொன்னவளே அவள்தானே என்று ஒருத்தி சொல்ல, ஆமாம் ஆமாம் என்று இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். என் வீட்டு வாசலில், நான் கேட்கவே சொன்னார்கள். மறுத்துப் பேச வேண்டியவன் நான் ஒருவன்தான். நான் உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு முதல் நாள் காலை முதலாளி போன் செய்து, அவளை ஏற்றக் கூடாது என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று கேட்டார். தோளில் மஞ்சள் பை.

"சீட் இல்லக்கா. எல்லாம் ஃபுல்லாயிட்ச்சி" என்றேன். டயரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"முன் சீட்டும் இல்லியா?"

"முன் சீட்டும்தான்."

 அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தோளிலிருந்த பையைக் கழற்றி வேனின் படியில் வைத்தார். அதில் மூன்று மட்டையும் கயிறும் இருந்தன.

"இத எட்த்துக்கினு போ. எறிஞ்சி பாத்துட்டு எறக்கு" என்றார். இரண்டு அடி நடந்துபோய்த் திரும்பினார். "அலையே இல்லாத எடத்தக் காட்டாத தம்பி. இந்த வாட்டியாவது."

அவ்வளவுதான். தெருவோடு நடந்து போய்விட்டார். தண்ணீர்க் குழாய் என் கையில் ஓடிக்கொண்டே இருந்தது.

கேட்டிருக்கிறார். நான் கை நீட்டிச் சொன்னதை அன்றே கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் அத்தனை வருஷம், வருஷத்துக்கு இரண்டு முறை, என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார். அந்த வீடியோவில் ஒரே இடத்தில் விரல் வைத்து வைத்துக் காட்டியது எனக்குப் பாடம் சொல்ல இல்லை. நானாகச் சொல்கிறேனா என்று பார்த்திருக்கிறார். தெரு முழுக்க அவர்தான் இடம் காட்டினார் என்று பேசியபோது ஒரு வார்த்தையில் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். இழுத்துப் பிடித்ததுதான் தப்பு, அது தன் தப்பு என்று அவர் கணித்து முடித்திருந்ததாலா, அல்லது என்னைப் பொருட்டாகவே மதிக்கவில்லையா, எனக்குத் தெரியாது.

மறுநாள் நான் மட்டையை எறிந்தேன். யாரும் கிண்டல் செய்யவில்லை. அது மேலும் கீழும் ஆடி, சிவப்புத் துணியோடு நேராக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கூட்டத்தை நூறு அடி தள்ளிக் கூட்டிப் போனேன்.

அந்த மாதமே அக்கா ஆரணியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். ஒருநாள் போய்ப் பார்த்து, வாயால் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். ஆரணி ஒன்றும் தூரமில்லை. அதைத் தாண்டிச் சேத்துப்பட்டுக்கு ஒரு சவாரி போனபோது ஊருக்குள்ளேயே போய் வந்தேன், வண்டியில் ஆள் இருக்கிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு நிறுத்தவில்லை. அடுத்த வருஷம் மஞ்சள் காமாலையில் அவர் இறந்துபோனார். எங்கள் தெருவுக்குத் தகவல் வந்தபோது காரியம்கூட முடிந்திருந்தது.

போன தை அமாவாசைக்குப் போகும்போது, செங்கல்பட்டை நெருங்கும் இடத்தில், பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். புதிதாக எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த ஒருத்திக்குப் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள் இன்னொருத்தி. "அவதான் அந்த எடத்தக் காட்டி எறங்குன்னு சொன்னாளாம்மா. கட்டின புருஷனயே" என்றாள்.

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன்.  "இல்ல. எடம் காட்டினது நான். அங்க அலையே இல்ல, எறங்குங்கன்னு கை நீட்டிச் சொன்னவன் நான்தான். அக்கா இல்ல" என்றேன்.

அந்த மருமகள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். முன் சீட்டில், அக்கா உட்காரும் இடத்தில், முதலாளி உட்கார்ந்திருந்தார். அவர் மணிக்கட்டில் பல் தடம் இன்னும் வெளுப்பாகத் தெரிகிறது. வாட்சை அந்தக் கையில்தான் கட்டியிருந்தார். அதைப் பார்த்தார்.

"அதெல்லாம் இப்ப எதுக்குப்பா? வண்டிய எடு, தர்ப்பணத்துக்கு நேரமாவுது" என்றார்.

எடுத்தேன்.